வீட்டுக் கணினியில் உள்ள கோப்புறைகளின் பட்டியலை அச்சிடுவது எப்படி?

ஒரு கடிதத்தையோ புகைப்படத்தையோ திறந்தால் அதை அச்சிடுவதற்கான கட்டளை கண்ணெதிரே இருக்கிறது. ஆனால், நாம் அன்றாடம் ஃபோல்டர் என்று சொல்லும் கோப்புறையை விண்டோஸில் வலச்சொடுக்கு செய்து பார்த்தால், திறப்பதற்கும் நகலெடுப்பதற்கும் நீக்குவதற்கும் பெயர் மாற்றுவதற்கும் வழி இருக்கிறதே தவிர, அதற்குள் இருப்பவற்றின் பெயர்களைத் தாளில் எடுப்பதற்கு ஒரு வழியும் தென்படுவதில்லை. இதைக் கண்டு, பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையால் எழுதுகிறவர்களும், திரையைப் பகுதி பகுதியாகப் படம் பிடித்து ஒட்டுகிறவர்களும் உண்டு. அந்தச் சிரமம் தேவையே இல்லை. கணினியோடு ஏற்கெனவே வந்திருக்கும் கருவிகளைக் கொண்டே, எதையும் புதிதாக நிறுவாமல், சில நிமிடங்களில் ஒழுங்கான பட்டியலை எடுத்துவிடலாம்.

ஒரு விதியை மட்டும் தொடக்கத்திலேயே வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பட்டியலை நேராக அச்சுப்பொறிக்கு அனுப்பக் கூடாது. முதலில் அதை ஓர் உரைக்கோப்பாக ஆக்கி, திரையில் திறந்து, எத்தனை வரிகள் இருக்கின்றன, வேண்டாதவை ஏதும் நுழைந்திருக்கின்றனவா என்று பார்த்துத் திருத்திய பிறகே அச்சிட வேண்டும். கோப்புறைகளின் எண்ணிக்கையை நாம் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறோம். ஐம்பது இருக்கும் என்று நினைத்த இடத்தில் துணைக்கோப்புறைகளையும் சேர்த்தால் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும்; தாள் ஓடத் தொடங்கிய பிறகு நிறுத்துவது எளிதல்ல.

எந்த ஆழம் வரை வேண்டும்?

கட்டளைகளுக்குப் போவதற்கு முன், அந்தத் தாள் யாருக்கு, எதற்கு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். வெளி வன்தட்டு ஒன்றின் பெட்டிக்குள் மடித்து வைப்பதற்கான பட்டியல் என்றால், மேல்மட்டத்தில் உள்ள கோப்புறைகளின் பெயர்கள் மட்டும் போதும். எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று கணினியில் செருகாமலே தெரிந்துகொள்வதுதான் அதன் பயன். கணினியைப் பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன்போ, விண்டோஸை மறுபடி நிறுவுவதற்கு முன்போ எடுக்கும் பட்டியல் என்றால், துணைக்கோப்புறைகள் அனைத்தும் அதில் இருக்க வேண்டும். பிற்பாடு எது திரும்பி வரவில்லை என்பதை அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு, காப்பீட்டு ஆவணங்கள் எங்கே, வரி தொடர்பானவை எங்கே, குழந்தைகளின் சான்றிதழ்கள் எங்கே என்று காட்டுவதற்கான பட்டியல் என்றால், இரண்டு மட்டங்கள் போதும். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கையால் குறிப்பு எழுத இடம் விட வேண்டும்.

முழு ஆழத்துக்கும் பட்டியல் எடுக்க வேண்டும் என்ற ஆசை இயல்பாக வரும். அது பெரும்பாலும் வீண். மென்பொருள்கள் தமக்குள் உருவாக்கிக்கொள்ளும் கோப்புறைகளின் பெயர்கள் வெறும் எண்களும் எழுத்துகளுமாகக் கலந்து கிடக்கும். அவற்றைத் தாளில் படித்து யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

கட்டளை ஏதுமின்றிச் செய்யும் இரண்டு வழிகள்

கட்டளைகளைத் தட்டச்சு செய்யத் தயங்குகிறவர்களுக்கு இணைய உலாவியே நல்ல துணை. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத் திறந்து, வேண்டிய கோப்புறையைச் சுட்டியால் இழுத்து உலாவியின் மேற்பகுதியில் விடுங்கள். இணைய இணைப்பு இல்லாவிட்டாலும், அந்தக் கோப்புறையின் உள்ளடக்கம் பெயர், அளவு, கடைசியாக மாற்றிய நாள் என்ற மூன்று பத்திகளில் ஓர் இணையப் பக்கம்போலவே திறக்கும். பிறகு கன்ட்ரோல் விசையையும் பிரிண்ட் என்பதன் முதலெழுத்தான பி விசையையும் சேர்த்து அழுத்தினால், எந்தப் பக்கத்தையும் அச்சிடுவதுபோல் இதையும் அச்சிடலாம். அச்சு முன்னோட்டத்தில் கூடுதல் அமைப்புகளைத் திறந்து, தலைப்பும் அடிக்குறிப்பும் சேர்க்கும் தேர்வைக் குறியிட்டால், எடுத்த நாளும் கோப்புறையின் முகவரியும் தாளிலேயே பதிந்துவிடும். தமிழில் பெயரிட்ட கோப்புறைகளும் இந்த வழியில் சிதையாமல் வரும். கோப்புகளும் கோப்புறைகளும் ஒரே பட்டியலில் கலந்து வருவதும், துணைக்கோப்புறைகள் வராததும் இதன் குறைகள். மேல்மட்டப் பட்டியல் மட்டும் வேண்டுமென்றால் இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்தவரை இல்லை.

இரண்டாவது வழி, பெயர்களை நகலெடுத்து ஒட்டுவது. விண்டோஸ் 11-இல் கோப்புறைகளைத் தேர்ந்தெடுத்து வலச்சொடுக்கு செய்தால் காப்பி ஆஸ் பாத் என்ற தேர்வு நேராகவே கிடைக்கும். விண்டோஸ் 10-இல் ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு வலச்சொடுக்கு செய்ய வேண்டும். அதைச் சொடுக்கிவிட்டு, நோட்பேடைத் திறந்து ஒட்டினால், ஒவ்வொரு கோப்புறையும் தனி வரியாக வந்து விழும். பெயர் மட்டும் வராமல் முழு முகவரியும் இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் வருவதால், நோட்பேடில் கன்ட்ரோல் விசையோடு எச் விசையை அழுத்தி, எல்லா வரிகளிலும் பொதுவாக உள்ள முன்பகுதியைத் தேடச் சொல்லி, மாற்றாக எதையும் தராமல் வெறுமையாக விட்டு, அனைத்தையும் மாற்றுங்கள். மேற்கோள் குறிகளையும் அவ்வாறே நீக்கிவிட்டால் பெயர்கள் மட்டும் எஞ்சும். நூறு கோப்புறைகளில் பன்னிரண்டை மட்டும் பொறுக்கியெடுத்துப் பட்டியலிட வேண்டிய இடத்தில், கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி வேண்டியவற்றை மட்டும் சொடுக்கித் தேர்ந்தெடுக்க முடிவதால், இந்த வழிதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பொருத்தமானது.

கட்டளைச் சாளரத்தின் வழி

இனி வருவதுதான் முக்கியமான வழி. இதில் வரும் கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். விண்டோஸில் பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்ற வேறுபாடு பொருட்டில்லை. இடைவெளிகள் மட்டும் காட்டியபடி இருக்க வேண்டும்.

ஃபைல் எக்ஸ்புளோரரில், பட்டியல் எடுக்க வேண்டிய கோப்புறையைத் திறந்துகொள்ளுங்கள். மேலே, கோப்புறையின் முகவரி தெரியும் பட்டையில் ஒருமுறை சொடுக்கி, அங்கிருப்பதை அழித்துவிட்டு, கமாண்ட் என்பதன் சுருக்கமான சிஎம்டி என்ற மூன்று எழுத்துகளைத் தட்டி என்டர் விசையை அழுத்துங்கள். கருப்பு நிறச் சாளரம் ஒன்று திறக்கும். நீங்கள் இருந்த கோப்புறையிலேயே அது நிற்கும் என்பதால், நீளமான முகவரிகளைத் தட்ட வேண்டிய வேலை மிச்சம். விண்டோஸ் 11-இல் வலச்சொடுக்கு செய்து ஓபன் இன் டெர்மினல் என்பதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு சாளரம் திறக்கும். ஆனால் அது வழக்கமாக, விண்டோஸின் இன்னொரு கட்டளைக் கருவியான பவர்ஷெல்லின் சாளரமாக இருக்கும். கீழே உள்ள கட்டளையை அதில் தட்டினால் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்திதான் வரும். அப்படித் திறந்துவிட்டால், அதிலேயே முதலில் சிஎம்டி என்று தட்டி என்டர் அழுத்திவிட்டுத் தொடருங்கள்.

டைரக்டரி என்ற சொல்லின் முதல் மூன்று எழுத்துகளான டிஐஆர் என்பதே அடிப்படைக் கட்டளை. இதை மட்டும் தட்டினால், தட்டின் பெயர், அதன் வரிசை எண், ஒவ்வொரு கோப்பின் நாள், நேரம், அளவு, கடைசியில் மொத்தக் கணக்கு என்று எல்லாம் சேர்ந்து வரும்; ஒற்றைப் புள்ளியும் இரட்டைப் புள்ளியும் பெயராகக் கொண்ட இரண்டு வரிகளும் இருக்கும். தாளுக்கு இவை தேவையில்லை. நமக்கு வேண்டிய கட்டளை இது:

டிஐஆர் /பி /ஏடி-எச் /ஓஎன் > லிஸ்ட்.டிஎக்ஸ்டி

இதில் சாய்கோட்டை அடுத்து வரும் பி, ஆங்கில அகரவரிசையின் இரண்டாவது எழுத்து. நாள், நேரம், தலைப்பு, மொத்தக் கணக்கு எல்லாவற்றையும் விலக்கிப் பெயர்களை மட்டும் தரச் சொல்வது அதுதான். அடுத்து வரும் ஏடி என்பதில் ஏ முதல் எழுத்து, டி நான்காவது எழுத்து. கோப்புகளை விட்டுவிட்டுக் கோப்புறைகளை மட்டும் எடு என்பது அதன் பொருள். அதோடு ஒட்டியுள்ள கழித்தல் குறியும் எச் எழுத்தும், மறைக்கப்பட்ட கோப்புறைகளை விலக்கச் சொல்கின்றன. இதைச் சேர்க்காமல் விட்டால், திரையில் நீங்கள் கண்டே இராத பெயர்கள் பட்டியலில் வந்து நிற்கும். கோப்புறைகளை மட்டும் கேட்டவுடன் மறைந்திருப்பவற்றையும் சேர்த்துக் கொடுப்பது இந்தக் கட்டளையின் இயல்பு. ஓஎன் என்பது பெயர்வரிசைப்படி அடுக்கச் சொல்வது.

வலப்பக்கம் கூரிய முனை கொண்ட அம்புக் குறி, திரையில் காட்ட வேண்டியதைக் கோப்பில் எழுதச் சொல்கிறது. லிஸ்ட் என்பது கோப்புக்கு நாம் வைக்கும் பெயர். புள்ளிக்குப் பின் வருவது, டெக்ஸ்ட் என்பதைச் சுருக்கி, உரைக்கோப்புகளுக்கு வழக்கமாக வைக்கும் மூன்றெழுத்துப் பின்னொட்டு. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், ஒரு வார்த்தையும் கேட்காமல் அதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் புதிய பெயர் வைப்பது நல்லது. அம்புக் குறியை இரண்டு முறை சேர்த்துத் தட்டினால், பழையதை அழிக்காமல் அதன் தொடர்ச்சியாக எழுதும். மூன்று நான்கு கோப்புறைகளின் பட்டியல்களை ஒரே கோப்பில் சேர்ப்பதற்கு அந்த இரட்டைக் குறி மிகவும் பயன்படும்.

என்டர் அழுத்தியதும் சாளரத்தில் ஒன்றும் தோன்றாது. அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் வரி மட்டும் வரும். பிழை ஏதும் இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். எக்ஸ்புளோரரில் அதே கோப்புறையைப் பார்த்தால் உரைக்கோப்பு அங்கே இருக்கும். அனுமதி மறுக்கப்பட்டது என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வந்தால், நீங்கள் நிற்பது விண்டோஸ் தன் பாதுகாப்பில் வைத்திருக்கும் இடம் என்று கொள்ளலாம். சி தட்டின் மேல்மட்டத்தில் இது நேரும். நிர்வாகி உரிமையோடு திறப்பதைவிட, உரைக்கோப்பை எழுதும் இடத்தை மட்டும் மாற்றுவதே முறை. அம்புக் குறிக்குப் பிறகு, கோப்பின் பெயருக்கு முன்னால் உங்கள் சொந்தக் கோப்புறை ஒன்றின் முழு முகவரியைச் சேர்த்து, முழுவதையும் இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் தந்தால் போதும்.

துணைக்கோப்புறைகளும் வேண்டுமென்றால், அதே கட்டளையில் அம்புக் குறிக்கு முன்பாக ஓர் இடைவெளி விட்டு /எஸ் என்பதைச் சேர்க்க வேண்டும். ஆனால் அப்போது ஒவ்வொரு வரியிலும் முழு முகவரியும் வரும். வரிகள் நீண்டு, தாளில் மடிந்து, படிக்கச் சிரமமாகும். கிளை கிளையாகப் பிரியும் மரம்போன்ற தோற்றமே கண்ணுக்கு எளிது. அதற்கென்றே ட்ரீ என்ற கட்டளை இருக்கிறது:

ட்ரீ /ஏ > ட்ரீ.டிஎக்ஸ்டி

இங்கே சாய்கோட்டோடு வரும் ஏ எழுத்தைக் கட்டாயம் சேருங்கள். சேர்க்காவிட்டால், கிளைகளைக் காட்டும் கோடுகள் நோட்பேடில் திறக்கும்போது பொருளற்ற எழுத்துகளாக மாறிவிடும். சேர்த்தால், கூட்டல் குறி, நிமிர்ந்த கோடு, கழித்தல் குறி ஆகிய சாதாரணக் குறிகளைக் கொண்டே மரத்தை வரையும். கோப்புகளின் பெயர்களும் வேண்டும் என்றால் /எஃப் என்பதையும் சேர்க்கலாம். விண்டோஸின் ட்ரீ கட்டளையில், இத்தனை மட்டத்தோடு நிறுத்து என்று சொல்ல வழியில்லை. அந்தக் குறையைப் பவர்ஷெல் தீர்க்கிறது.

இரண்டு மட்டங்கள் மட்டும் போதும் என்றால்

எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் சிஎம்டி என்பதற்குப் பதிலாக பவர்ஷெல் என்று தட்டி என்டர் அழுத்தினால் அந்தச் சாளரம் திறக்கும். அதில் தட்ட வேண்டியது:

(டிஐஆர் -டைரக்டரி -ரிகர்ஸ் -டெப்த் 1).ஃபுல்நேம் | சார்ட் > லிஸ்ட்.டிஎக்ஸ்டி

டைரக்டரி, ரிகர்ஸ் (உள்ளே உள்ளே சென்று தேடு), டெப்த் (ஆழம்), சார்ட் (வரிசைப்படுத்து) ஆகியவற்றை ஆங்கிலச் சொற்களாக முழுமையாக எழுத வேண்டும். ஃபுல்நேம் என்பதை இடைவெளியின்றி ஒரே சொல்லாகத் தட்ட வேண்டும். டெப்த் என்பதற்கு அடுத்துள்ள எண்தான் ஆழம். அங்கே 1 என்று கொடுத்தால், நேர் கீழே உள்ள கோப்புறைகளும் அவற்றுக்கு அடுத்த மட்டமும் வரும். 2 என்று கொடுத்தால் இன்னொரு மட்டம் கூடும். நடுவில் உள்ள நிமிர்ந்த கோட்டையும் அதையடுத்த சார்ட் என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். விட்டுவிட்டால், முதல் மட்டத்தின் பெயர்கள் அனைத்தும் மேலே ஒரு கூட்டமாகவும், அவற்றின் துணைக்கோப்புறைகள் கீழே தனியாகவும் வந்து, எது எதற்குள் இருக்கிறது என்று பார்த்தவுடன் விளங்காது. முழு முகவரி வருவதால் நீளும் வரிகளை, முன்பு சொன்னபடி நோட்பேடில் பொதுவான முன்பகுதியை நீக்கிச் சுருக்கிவிடலாம். குடும்பத்தாருக்காக எடுக்கும் பட்டியலுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறினால்

கோப்புறைகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருப்பவர்கள், கட்டளைச் சாளரத்தின் வழியாக எடுத்த உரைக்கோப்பைத் திறந்ததும் திடுக்கிடுவார்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள் நிற்கும். கோப்புறைகளுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. கட்டளைச் சாளரம், உரைக்கோப்பில் எழுதும்போது, பழைய எழுத்துத் தொகுப்பு ஒன்றையே இன்னும் பயன்படுத்துகிறது. அதில் தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லை. ஆகவே தனக்குத் தெரியாத ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிடுகிறது.

பட்டியல் எடுக்கும் கட்டளைக்கு முன், அதே சாளரத்தில், ஒருமுறை சிஎச்சிபி 65001 என்று தட்டி என்டர் அழுத்துங்கள். சேஞ்ச் என்பதன் முதல் இரண்டு எழுத்துகளும், கோட், பேஜ் என்பவற்றின் முதலெழுத்துகளும் சேர்ந்தது அந்தச் சொல். 65001 என்பது யூடிஎஃப்-8 குறியாக்கத்தின் எண். உலகின் எல்லா எழுத்துகளும் அதில் அடங்கும். இதற்குப் பிறகு டிஐஆர் கட்டளையைக் கொடுத்தால், உரைக்கோப்பில் தமிழ் ஒழுங்காகப் பதியும். சாளரத்திலேயே தமிழ் எழுத்துகள் கட்டங்களாகத் தெரிந்தாலும் கவலை வேண்டாம். அது அந்தச் சாளரத்தின் எழுத்துருக் குறைபாடு, கோப்பில் எழுதப்படுவது சரியாகவே இருக்கும். சாளரத்தை மூடியதும் இந்த அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால், அடுத்த முறையும் இதைத் தட்ட வேண்டும். மேலே சொன்ன பவர்ஷெல் கட்டளைக்கு இந்த ஏற்பாடு தேவையில்லை. அம்புக் குறியின் வழியாக அது எழுதும் கோப்பு, எல்லா மொழி எழுத்துகளுக்கும் இடமுள்ள யூனிகோட் முறையிலேயே இருக்கும்.

அச்சிடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

உரைக்கோப்பை நோட்பேடில் திறந்து, கன்ட்ரோல் விசையோடு என்ட் விசையை அழுத்தினால் கடைசி வரிக்குப் போகும். கீழே உள்ள நிலைப் பட்டையில் அந்த வரியின் எண் தெரியும். வழக்கமான எழுத்தளவில் ஏ4 தாள் ஒன்றில் சுமார் 50 வரிகள் என்று கணக்கிட்டால், எத்தனை தாள் ஆகும் என்று உடனே தெரிந்துவிடும். 400 வரிகள் என்றால் எட்டுத் தாள். பெயர்கள் சிறியவையாக இருந்தும் எட்டுத் தாள் ஆவது வீண்செலவு. ஒவ்வொரு தாளிலும் வலப்பக்கம் முக்கால் பாகம் வெறுமையாகக் கிடக்கும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வேர்டு அல்லது லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் ஒட்டி, பக்கத்தை நெடுக்கில் மூன்று பத்திகளாகப் பிரித்துவிட்டால், அதே பட்டியல் மூன்று தாளுக்குள் அடங்கும். கையால் குறிப்பு எழுத இடம் வேண்டும் என்றால் இரண்டு பத்திகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ட்ரீ கட்டளையில் எடுத்த பட்டியலை மட்டும் இப்படிப் பத்தி பிரிக்க வேண்டாம். அதில் எந்தக் கோப்புறை எதன் கிளை என்பதை இடைவெளிகளே காட்டுகின்றன. எல்லா எழுத்துகளும் ஒரே அகலம் கொண்ட எழுத்துருவில்தான் அந்த இடைவெளிகள் நேராக நிற்கும். நோட்பேடின் வழக்கமான எழுத்துருவான கன்சோலாஸ் அத்தகையது. வேர்டில் ஒட்டினால் கன்சோலாஸையோ கூரியர் நியூவையோ தேர்ந்தெடுக்க வேண்டும். கிளைகள் ஆழமாகப் போனால் தாளைக் குறுக்குவாட்டில் வைத்து அச்சிடுவது நல்லது.

திரையில் கண்ட வரிசையும் தாளில் வந்த வரிசையும் வேறுபடுவதைக் கண்டு சிலர் குழம்புவார்கள். எண்களில் தொடங்கும் பெயர்களை எக்ஸ்புளோரர் எண்ணின் மதிப்பைப் பார்த்து அடுக்குகிறது. 2 என்ற கோப்புறைக்குப் பின்புதான் 10 வரும். டிஐஆர் கட்டளையோ எழுத்தெழுத்தாகப் பார்ப்பதால், 10 என்பதை 2 என்பதற்கு முன்னால் வைத்துவிடும். பாடங்களையோ மாதங்களையோ எண்ணிட்டு வைத்திருப்பவர்கள், 01, 02 என்று இரண்டு இலக்கங்களில் பெயர் வைத்தால் இரண்டு இடத்திலும் வரிசை ஒன்றாகிவிடும்.

தாளில் நாள் இல்லாத பட்டியல் ஆறே மாதத்தில் பயனற்றுப்போகும். எப்போது எடுத்தது என்று தெரியாவிட்டால், அதில் இல்லாத ஒரு கோப்புறை பிற்பாடு சேர்ந்ததா, அப்போதே விடுபட்டதா என்று சொல்ல முடியாது. நோட்பேடின் பேஜ் செட்டப் பகுதியில் தலைப்புக்கும் அடிக்குறிப்புக்கும் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. அங்கே & குறியை அடுத்து டேட் என்பதன் முதலெழுத்தைச் சேர்த்தால் அச்சிடும் நாளும், ஃபைல் என்பதன் முதலெழுத்தைச் சேர்த்தால் கோப்பின் பெயரும், பேஜ் என்பதன் முதலெழுத்தைச் சேர்த்தால் பக்க எண்ணும் தானாகவே பதியும். எந்தத் தட்டின் பட்டியல் என்பதை உரைக்கோப்பின் முதல் வரியில் நீங்களே எழுதிவிடுங்கள். வன்தட்டின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள பெயரையே எழுதினால் பிற்பாடு தேட எளிது.

தாளே வேண்டாம், ஆனால் யாரும் தவறுதலாக மாற்றிவிடாத வடிவம் வேண்டும் என்றால், அச்சுப்பொறியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10 முதல் இது கணினியோடு சேர்ந்தே வருகிறது.

பழைய வழிகாட்டிகளில், அம்புக் குறிக்குப் பின் கோப்பின் பெயருக்குப் பதிலாக பிஆர்என் என்று தட்டினால் பட்டியல் நேராக அச்சாகிவிடும் என்று எழுதியிருப்பார்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில், பேரலல் போர்ட் எனப்படும் இணைத்துறையில் செருகிய அச்சுப்பொறிகளுக்கு அது பொருந்தியது. யூஎஸ்பி வழியாகவோ வைஃபை வழியாகவோ இணைந்திருக்கும் இன்றைய அச்சுப்பொறிகளுக்கு அது போய்ச் சேராது. அதை முயன்று நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

கோப்புறைகளின் அளவும் வேண்டுமா?

டிஐஆர் கட்டளை கோப்புகளின் அளவைத்தான் காட்டும். கோப்புறை ஒவ்வொன்றும் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று தனித்தனிப் பட்டியலாகத் தராது. அதற்கு ட்ரீசைஸ் ஃப்ரீ, வின்டர்ஸ்டாட் போன்ற இலவச மென்பொருள்களை நாட வேண்டும். கோப்புறைப் பட்டியல் அச்சிடுவதற்கென்றே எழுதப்பட்ட காரென்ஸ் டைரக்டரி பிரிண்டர் என்ற இலவச மென்பொருளும் உண்டு. எக்செல் வைத்திருப்பவர்கள், டேட்டா பட்டியில் கெட் டேட்டா, ஃப்ரம் ஃபைல், ஃப்ரம் ஃபோல்டர் என்று வரிசையாகச் சென்றால், கோப்புறைக்குள் இருக்கும் எல்லாக் கோப்புகளும் அட்டவணையாக வந்துவிடும். அது கோப்புகளை மட்டுமே வரிசைப்படுத்துவதால், வெறுமையான கோப்புறைகள் அதில் இடம்பெறாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மேக், லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு

மேக்கில் டெக்ஸ்ட்எடிட்டைத் திறந்து, ஃபார்மேட் பட்டியில் மேக் பிளெயின் டெக்ஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஃபைண்டரில் வேண்டிய கோப்புறைகளைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து இதில் ஒட்டினால், பெயர்கள் வரிக்கு ஒன்றாக வரும். எளிய உரையாக மாற்றாமல் ஒட்டினால் பெயர்களுக்குப் பதிலாகக் கோப்புறைகளையே உள்ளே செருக முற்படும் என்பதால் அந்தப் படியைத் தாண்டக் கூடாது.

கட்டளை வழி வேண்டும் என்றால், டெர்மினலைத் திறந்து, சேஞ்ச், டைரக்டரி என்பவற்றின் முதலெழுத்துகளான சிடி என்று தட்டி ஓர் இடைவெளி விட்டு, கோப்புறையை இழுத்து அந்தச் சாளரத்தில் விட்டு என்டர் அழுத்துங்கள். பிறகு எல்எஸ் -டி */ > லிஸ்ட்.டிஎக்ஸ்டி என்ற கட்டளையைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் (இதிலும் டி என்பது டைரக்டரியின் முதலெழுத்து) தட்டினால், கோப்புறைகளின் பெயர்கள் மட்டும் இறுதியில் ஒரு சாய்கோட்டோடு உரைக்கோப்பில் பதியும். லினக்ஸிலும் இதே கட்டளைதான். அங்கே ட்ரீ என்ற கருவியை நிறுவிக்கொண்டால், ட்ரீ -டி -எல் 2 என்று தட்டி இரண்டு மட்டங்களோடு நிறுத்தலாம். அதில் எல் மட்டும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும்.

அடிக்கடி எடுக்கிறவர்களுக்கு

மாதந்தோறும் பட்டியல் எடுக்கிறவர்கள், விண்டோஸின் சென்ட் டு பட்டியிலேயே இதைச் சேர்த்துவிடலாம். நோட்பேடில் இந்த மூன்று வரிகளையும் ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்:

சிஎச்சிபி 65001
டிஐஆர் "%~1" /பி /ஏடி-எச் /ஓஎன் > "%டெம்ப்%\லிஸ்ட்.டிஎக்ஸ்டி"
நோட்பேட் "%டெம்ப்%\லிஸ்ட்.டிஎக்ஸ்டி"

இரண்டாவது வரியில் விழுக்காட்டுக் குறியை அடுத்து வரும் அலைக்குறியும் 1 என்ற எண்ணும், நீங்கள் வலச்சொடுக்கு செய்த கோப்புறையின் முகவரியைக் குறிக்கின்றன. இதைச் சேமிக்கும்போது, பின்னொட்டாக பேட்ச் என்ற சொல்லின் முதல் மூன்று எழுத்துகளைத் தர வேண்டும். கோப்பு வகை என்ற இடத்தில் ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றிக்கொள்ளாவிட்டால், நோட்பேட் தன் வழக்கமான பின்னொட்டையே மறுபடி சேர்த்துவிடும். பிறகு விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, வரும் கட்டத்தில் ஷெல்:சென்ட்டு என்பதை இடைவெளியின்றித் தட்டினால் ஒரு கோப்புறை திறக்கும். சேமித்த கோப்பை அதில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. இனி எந்தக் கோப்புறையை வலச்சொடுக்கு செய்து சென்ட் டு என்பதில் இதைத் தேர்ந்தெடுத்தாலும், பட்டியல் நோட்பேடில் திறந்து நிற்கும். விண்டோஸ் 11-இல் ஷோ மோர் ஆப்ஷன்ஸ் என்பதைச் சொடுக்கிய பிறகே சென்ட் டு தெரியும்.

இப்படி எடுக்கும் உரைக்கோப்பு தற்காலிக இடத்தில் இருப்பதால், அச்சிட்டதும் அதை நாள் சேர்த்த பெயரில் வேறிடத்தில் சேமித்துவையுங்கள். பழைய பட்டியலும் புதியதும் கையில் இருந்தால், கட்டளைச் சாளரத்தில் ஃபைல், கம்பேர் என்ற சொற்களின் முதலெழுத்துகளான எஃப்சி என்பதைத் தட்டி, இடைவெளி விட்டு இரண்டு கோப்புகளின் பெயர்களையும் தந்தால், எந்த வரிகள் மாறியிருக்கின்றன என்பதைக் கணினியே காட்டிவிடும். பவர்ஷெல் வழியாக எடுத்த பட்டியல்களை ஒப்பிடும்போது மட்டும், யூனிகோட் என்பதன் முதலெழுத்தைச் சாய்கோட்டோடு சேர்த்து /யூ என்று இடையில் தர வேண்டும்.